கரையிறங்கும் உரிமை

தீவு என்றதும் நகரவாசிக்கு ஒரு சபலம் தட்டுகிறது. மேலதிகாரி இல்லாத காலைப் பொழுது, வெள்ளை மணல், இரண்டு தென்னைகளுக்கு நடுவே ஒரு தூளி என்று மனம் படம் போட ஆரம்பித்துவிடும். அந்தப் படத்தில் நம்மைத் தவிர வேறு ஆளே இருக்க மாட்டார்கள். ராபின்சன் குரூசோ முதல் படித்த கதைகள் நமக்குக் கற்றுக்கொடுத்தது இதைத்தான்: தீவு காலியாகக் காத்திருக்கும், நாம் போய் இறங்கிய பிறகுதான் அதன் கதை தொடங்கும்.

அந்தமானுக்குக் கப்பலில் போகிறவருக்கு இந்த எண்ணம் கரை சேரும் முன்பே கலைந்துவிடும். முதுகில் ஆளுக்கொரு பையுடன் நானும் கல்லூரிக் கால நண்பனும் சென்னையில் ஏறினோம். அவன் வங்கி அதிகாரி. விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகும் தூரத்தைக் கப்பல் கிட்டத்தட்ட மூன்று நாளில் கடக்கிறது. இருப்பதிலேயே மலிவான பங்க் வகுப்பில், வரிசை வரிசையான அடுக்குப் படுக்கைகளில், ஊர் சுற்ற வந்தவர்கள் நாங்கள் இருவர்தான் என்று தோன்றியது. மற்றவர்கள் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். கண் ஆபரேஷன் முடிந்த பாட்டி, விடுமுறை முடிந்த மாணவர்கள், கல்யாணத்துக்குப் பாத்திரம் வாங்கிய குடும்பம். கடலைப் பார்த்துப் பரவசப்பட்டது நாங்கள் மட்டுமே. அவர்களுக்கு அது பஸ் ரூட்.

இறங்கியதும் முதலில் குழப்புவது நேரம். இந்திய நேரம் கணக்கிடப்படும் தீர்க்கரேகைக்குப் பத்து டிகிரி கிழக்கே இருக்கிறது இந்த ஊர். சூரியன் நாற்பது நிமிடம் முந்திக்கொள்கிறது. குளிர்காலத்தில் மாலை ஐந்தரைக்குள் இருட்டிவிடும். அடுத்த குழப்பம் பெயர். போர்ட் பிளேர் 2024 செப்டம்பரிலிருந்து ஸ்ரீ விஜயபுரம். ஆனால் ஆட்டோவில் ஏறிப் பழைய பெயரைச் சொன்னாலும் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

அபர்தீன் பஜாரில் ஒரு டீக்கடை. முதலாளி பேசியது தமிழ். தமிழனுக்குத் தமிழனைக் கண்டால் வாயில் வரும் முதல் கேள்வி நண்பனுக்கும் வந்தது. "அண்ணே, உங்களுக்குச் சொந்த ஊர் எது?" அவர் டீயை ஆற்றியபடியே சொன்னார்: "இதுதாங்க. அப்பாவுக்குத்தான் ராமநாதபுரம் பக்கம்."

இந்தப் பதிலை அங்கே பல மொழிகளில் கேட்கலாம். 1858இல் ஆங்கிலேயர் இங்கே கைதிகள் குடியிருப்பை அமைத்தார்கள். செல்லுலர் சிறை பின்னால் வந்தது, 1896இல் தொடங்கி 1906இல் முடிந்தது. விடுதலையான கைதிகள் பலர் இங்கேயே குடும்பம் கட்டினார்கள். காட்டு வேலைக்கு ராஞ்சி பக்கத்துப் பழங்குடிகளும், 1925இல் பர்மாவிலிருந்து கரேன் மக்களும், பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்க அகதிகளும் வந்தார்கள். இலங்கை மலையகத்திலிருந்து 1964 ஒப்பந்தப்படி திருப்பியனுப்பப்பட்ட தமிழர்களில் சிலர் நிக்கோபாரின் கச்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் அமர்த்தப்பட்டார்கள். 2004 சுனாமி மிகக் கடுமையாகத் தாக்கிய தீவுகளில் அதுவும் ஒன்று. 2011 கணக்கெடுப்பின்படி இந்த யூனியன் பிரதேசத்தில் நூற்றுக்குச் சுமார் பதினைந்து பேரின் தாய்மொழி தமிழ். ஆக, இங்கே ஏறக்குறைய எல்லோருமே வந்தவர்கள். இழுத்து வரப்பட்டவர்கள், துரத்தப்பட்டு வந்தவர்கள், பிழைக்க வந்தவர்கள். பையை மாட்டிக்கொண்டு சும்மா வந்தவர்கள் நாங்கள்.

வந்தவர்கள் முதலில் செய்கிற காரியம் பெயர் வைப்பது. நாங்கள் அடுத்துப் போன நீல் தீவின் பெயர் கடலின் நீலத்திலிருந்து வந்ததல்ல. 1857 எழுச்சியை ஒடுக்கும்போது அலகாபாத்தில் கண்மூடித்தனமாகத் தூக்கில் போட்ட ஜெனரல் நீலின் பெயர் அது. சென்னை மௌண்ட் ரோட்டில் சிலையாக நின்றவரும் அவரே. அதை அகற்றக் கோரி 1927இல் சத்தியாக்கிரகம் நடந்தது, பலர் சிறை சென்றார்கள். ராஜாஜி ஆட்சிக்கு வந்த 1937இல்தான் சிலை எழும்பூர் மியூசியத்துக்குப் போனது. தீவின் மீதிருந்த பெயர் போக இன்னும் எண்பது வருடம் ஆயிற்று. 2018 டிசம்பரில் அது ஷஹீத் தீவு ஆனது. ஹேவ்லாக், ஸ்வராஜ் தீவு. அகதிகளாக வந்த வங்காளிகள் யாரையும் கேட்காமல் தங்கள் கிராமங்களுக்கு சீதாபூர், பரத்பூர், லக்ஷ்மண்பூர் என்று எப்போதோ பெயர் வைத்துவிட்டார்கள்.

இவர்கள் எல்லோருக்கும் முன்னால் இந்த இடங்களை என்ன பெயர் சொல்லி அழைத்தார்கள்? மொழிபெயர்ப்பில் பிழைப்பு நடத்துகிறவனுக்கு இந்தக் கேள்வி உறுத்தும். போவா சீனியர் என்ற மூதாட்டி 2010 ஜனவரியில் இறந்தார். கிரேட் அந்தமானிய மொழிகளில் ஒன்றான 'போ' மொழியைப் பேசிய கடைசி மனுஷி. மொழியியலாளர் அன்விதா அப்பி அவரிடம் சொற்களையும் பாட்டுகளையும் பதிவு செய்திருக்கிறார். ஆனால் கடைசி ஆண்டுகளில் அந்த மொழியில் அவர் ஒன்று சொன்னால் பதில் சொல்ல ஆள் இல்லை. ஆங்கிலேயர் வந்தபோது ஆயிரக்கணக்கில் இருந்த கிரேட் அந்தமானியர்கள் இப்போது சில டஜன் பேர். துப்பாக்கி கொன்றதைவிட, வந்தவர்கள் கொண்டுவந்த தட்டம்மையும் மேகநோயும் கொன்றது அதிகம்.

நண்பனுக்கும் எனக்கும் சச்சரவு வந்தது பாராடாங் விஷயத்தில். அங்கே சுண்ணாம்புக் குகைகள் இருக்கின்றன. ஆனால் எல்லோரும் போகிற சாலை ஜாரவா மக்களின் காட்டுக்குள் போகிறது. 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி அது வெளியார் நுழையக் கூடாத காடு. அதன் நடுவே அந்தமான் டிரங்க் ரோடு போட்டோம். சாலையின் பகுதிகளை மூடச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2002இல் உத்தரவிட்டது; சாலை ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஜாரவாப் பெண்களைச் சுற்றுலாப் பயணிகளுக்காக ஆடவைத்த வீடியோ 2012இல் வெளிவந்து உலகமே காறித் துப்பியது. நிறுத்தக் கூடாது, படமெடுக்கக் கூடாது, உணவு கொடுக்கக் கூடாது என்ற நிபந்தனைகளோடு, குறித்த நேரத்தில், வரிசை கட்டி வாகனங்கள் போகின்றன.

"சாலையை நாமா போட்டோம்? நம்ம ரெண்டு பேர் போகாட்டி மூடிடுவாங்களா?" என்றான் நண்பன். நியாயமான கேள்விதான். வடக்கே இருக்கிற ஊர்களுக்கு ஆஸ்பத்திரியும் அரிசியும் அந்தச் சாலை வழியாகத்தான் என்று டீக்கடைக்காரரும் சொல்லியிருந்தார். அவருக்கு அது தேவை. எனக்கு அது வேடிக்கை. இந்த வித்தியாசம் போதும் என்று நான் தங்கிவிட்டேன், அவன் போனான். இரவு திரும்பி வந்து பையை இறக்கிவைத்தவனிடம் குகை எப்படி என்று கேட்டேன். "குகை நல்லாத்தான் இருந்துச்சு. ஜாரவா யாரும் கண்ணுல படல. ஆனா போறப்பவும் வர்றப்பவும் வண்டியில இருந்த எல்லாரும் ஜன்னலையே பாத்துக்கிட்டு வந்தாங்க" என்றான். கொஞ்சம் பொறுத்து, "நானுந்தான்" என்றான்.

1990களின் இறுதியில் ஜாரவாக்கள் வில்லைத் தாழ்த்திவிட்டு வெளியே வர ஆரம்பித்தார்கள். 1999இல் அவர்களிடையே தட்டம்மை பரவியது. மேற்கே வடக்கு சென்டினல் தீவுக்காரர்கள் இன்னும் வில்லைத் தாழ்த்தவில்லை. 2018 நவம்பரில் தடையை மீறி அங்கே இறங்கிய அமெரிக்க இளைஞர் உயிரோடு திரும்பவில்லை. அவர்களை மூர்க்கர்கள் என்று எழுதுவது சுலபம். வந்தவர்களால் பக்கத்துத் தீவுக்காரர்களுக்கு என்ன ஆயிற்று என்பதைப் படித்த பிறகு அந்த அம்புக்கு வேறு அர்த்தம் கிடைக்கிறது.

அந்தமானுக்குப் போகாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. கப்பலிலேயே போங்கள். டீக்கடையில் உட்காருங்கள். கோடையில் தலைநகரிலேயே குழாயில் தினமும் தண்ணீர் வருவதில்லை, அதனால் வாளியை நிரப்பும்போது யோசியுங்கள். செத்த பவளமாக இருந்தாலும் கரையிலேயே விட்டுவிடுங்கள், எடுத்துவருவது குற்றம். ஐந்நூறுக்கு மேற்பட்ட தீவுகளில் நமக்குக் கதவு திறந்திருப்பவை பத்து நாள் சுற்றினாலும் தீராது. மிச்சத்தில் ஒன்றிரண்டைப் பார்க்காமலே செத்துப்போனால்தான் என்ன? அங்கே இருப்பவர்களும்தான் நம் ஊரைப் பார்த்ததில்லை.