ஜோடி பார்த்துச் சேருங்கள்

மொத்த மதிப்பெண்ணைப் பார்த்துப் பிள்ளைகளை எடை போடுவது நம் வீடுகளில் ஊறிப்போன பழக்கம். அந்தப் பழக்கம் அவர்களுடைய விளையாட்டுக்குள்ளும் புகுந்துவிட்டது. அதைச் சங்க அன்பர்களின் கவனத்துக்குக் கொண்டுவரவே இதை எழுதுகிறேன். நான் சொல்வது கிரிக்கெட்டையோ கேரமையோ அல்ல, போக்கிமான் என்ற வீடியோ விளையாட்டை. "ரிட்டையர் ஆன ரயில்வேக்காரருக்கு இதில் என்ன வேலை?" என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான்: பேரப் பிள்ளைகள் உள்ள வீட்டில் இருப்பவனுக்கு இது தெரியாமல் தப்ப வழியில்லை.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1996-ஆம் ஆண்டு ஜப்பானில் வெளிவந்த விளையாட்டு இது. விதவிதமான பிராணிகளைப் பிடித்து, பழக்கி, எதிராளியின் பிராணிகளோடு மோதவிட வேண்டும். நெருப்பு, நீர், மின்சாரம், நிலம் என்று இனங்கள் உண்டு. எந்த இனம் எதற்கு அடங்கும் என்பதற்குக் கணக்கு உண்டு. ஆரம்பத்தில் ஒன்றுக்கு ஒன்று என்றுதான் மோதல். 2002-இல் வந்த ரூபி, சஃபயர் ஆட்டங்களில்தான் ஒரு பக்கத்துக்கு இரண்டு பிராணிகள் சேர்ந்து நிற்கும் இரட்டையர் மோதல் வந்தது. உலகச் சாம்பியன் போட்டிகளும் இந்த இரட்டையர் முறையில்தான் நடந்து வருகின்றன. ஆறு பிராணிகளோடு வர வேண்டும். எதிராளியின் ஆறையும் பார்த்தபின் நான்கைத் தேர்ந்தெடுத்து, இரண்டிரண்டாகக் களத்தில் இறக்க வேண்டும்.

ஒவ்வொரு பிராணிக்கும் உயிர், தாக்கும் பலம், தாங்கும் பலம், வேகம் என்று ஆறு எண்கள் உண்டு. ஆறையும் கூட்டினால் வருவது மொத்தம். வம்பு அங்கேதான் ஆரம்பம்.

எங்கள் வீட்டில் பேரனுக்குப் பதின்மூன்று வயது, பேத்திக்கு ஒன்பது. ஆளுக்கு மூன்று என்று சேர்த்து ஒரே அணி அமைப்பதாக ஏற்பாடு. பேரனுக்கு எல்லா மொத்தமும் மனப்பாடம். கார்ச்சோம்ப் 600, இன்சினரோர் 530 என்று ஒப்பிப்பான். பேத்தி ஆசையாகக் கொண்டுவந்தது பச்சிரிசு என்ற மின்சார அணில். மொத்தம் 405. "இதை வெச்சுண்டு என்ன பண்றது? வேண்டாம், போ" என்றான் அண்ணன். அணிலோடு அவளும் போனாள். இரண்டு நாள் அந்தப் பக்கமே வரவில்லை.

பேரன் செய்தது தவறு என்பது என் கருத்து. பாசத்தால் சொல்லவில்லை, கணக்கால் சொல்கிறேன்.

அவன் பெருமையாக நிறுத்திய ஜோடியையே எடுத்துக்கொள்வோம். கார்ச்சோம்பின் பெரிய ஆயுதம் எர்த்குவேக், அதாவது பூகம்பம். இரட்டையர் மோதலில் பூகம்பம் எதிரிகள் இருவரையும் தாக்கும், பக்கத்தில் நிற்கும் நம் ஆளையும் தாக்கும். இன்சினரோர் நெருப்பு இனம், நிலத்தின் தாக்குதல் அதற்கு இரண்டு மடங்கு. ஆக 600 தன் பக்கத்தில் நிற்கும் 530-ஐயே அழிக்கிறது. ப்ரொடெக்ட் என்ற கவசத்தைப் போட்டு இன்சினரோர் தப்பலாம், ஆனால் அந்த முறை அதற்கு வேறு வேலை செய்ய முடியாது. போதாக்குறைக்கு, பலரை ஒருசேரத் தாக்கும் அடிக்கு முக்கால் பங்கு வலுதான். அதே கார்ச்சோம்பின் பக்கத்தில் கியாரடோஸ் மாதிரிப் பறக்கும் இனம் ஒன்றை நிறுத்துங்கள். பூகம்பம் அதைத் தொடாது. கார்ச்சோம்ப் மாறவில்லை, பக்கத்து ஆள்தான் மாறினார்.

போர் காட் மலைப்பாதையை அறிந்த அன்பர்களுக்கு இது உடனே விளங்கும். கர்ஜத்துக்கும் லோனாவாலாவுக்கும் இடையே 37 அடிக்கு ஓர் அடி ஏற்றம். முன்னால் எவ்வளவு பெரிய எஞ்சின் இருந்தாலும், பல வண்டிகளுக்குப் பின்னால் பாங்கர் எஞ்சின்களைக் கோத்துத்தான் மேலே தள்ளுவார்கள். பயணிகள் கண்ணில் படுவது முன் எஞ்சின்தான். பின்னால் தள்ளுகிறதே, அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பாங்கர் அளவுக்கு மீறித் தள்ளினாலும் ஆபத்து, நடுவில் உள்ள பெட்டிகள் நசுங்கித் தடம் புரளும். பலம் இருந்தால் போதாது, முன் எஞ்சினோடு ஒத்துப்போக வேண்டும்.

இனி அந்த அணிலின் கதைக்கு வருகிறேன். 2014-இல் வாஷிங்டன் நகரில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியில் வென்றவர் தென் கொரியாவின் சே ஜுன் பார்க். அவர் அணியில் கார்ச்சோம்பும் கியாரடோஸும் இருந்தன. கூடவே பச்சிரிசுவும் இருந்தது. கியாரடோஸ் நீரும் பறக்கும் இனமும் கலந்தது. மின்சாரம் பட்டால் நான்கு மடங்கு அடி. பச்சிரிசுவிடம் ஃபாலோ மீ என்ற வித்தை உண்டு. அந்த முறை எதிரிகள் ஒருவரைக் குறிவைத்து விடும் அடியெல்லாம் அதன் பக்கம் திரும்பும். அப்படித் திரும்புவது மின்சாரமாக இருந்தால், வோல்ட் அப்சார்ப் என்ற குணத்தால் அதற்குக் காயம் படாது. முழு உயிரில் கால் பங்கு திரும்பவும் கிடைக்கும். கட்டடத்துக்கு இடிதாங்கி எப்படியோ, கியாரடோஸுக்கு இந்த அணில் அப்படி. பார்க் அதன் தாக்கும் பலத்தை நம்பாமல் தாங்கும் பலத்தை வளர்த்திருந்தார். இறுதிப் போட்டியில் எதிராளியின் பெரிய டிராகன் விட்ட டிராகோ மீட்டியோர் அடியைத் தாங்கிக்கொண்டு அது நின்றதை ஆட்டக்காரர்கள் இன்றும் பேசுகிறார்கள்.

மறுபக்கத்தையும் பாருங்கள். ஸ்லேக்கிங் என்று ஒரு பிராணி, மொத்தம் 670. ஆனால் அதற்கு ட்ருவண்ட் என்ற சோம்பல் குணம். ஒரு முறை அடித்தால் மறுமுறை படுத்துவிடும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது இதுதான். ஆனால் அதன் பக்கத்தில் 490 மொத்தமுள்ள வீசிங்கை நிறுத்தினால் கதை மாறும். வீசிங்குக்கு 2019 முதல் நியூட்ரலைசிங் கேஸ் என்ற குணம் உண்டு. அது களத்தில் இருக்கும்வரை மற்றவர்களின் குணங்கள் வேலை செய்யா. சோம்பேறி எழுந்து முறைக்கு முறை அடிப்பான். வீசிங் விழுந்தால் மறுபடி படுக்கைதான். ஆக அந்த 670-இன் சாவி 490-இன் கையில்.

வேகமும் இப்படித்தான். அமூங்கஸ் என்ற காளானின் வேகம் வெறும் 30. ட்ரிக் ரூம் போட்டுவிட்டால் ஐந்து முறைக்கு மெதுவானவர்தான் முந்துவார். அப்போது அந்த 30-தான் பெரிய சொத்து. டெயில்விண்ட் போட்டால் நம் பக்கத்தின் வேகம் நான்கு முறைக்கு இரட்டிப்பாகும், அங்கே காளானுக்கு அவ்வளவு மதிப்பில்லை. அணி எந்த வழியில் போகிறது என்று முடிவு செய்யாமல் "இது நல்லதா, கெட்டதா" என்று கேட்பதில் பொருளில்லை.

பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுத்த முறை இது. ஆறு பேரில் இருவர் இருவராகச் சேர்த்தால் 15 ஜோடிகள் வரும். ஒரு தாளில் பதினைந்தையும் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று கேள்விகள். இவர் அவருக்கு என்ன செய்கிறார்? இவருடைய ஆயுதம் அவரைக் காயப்படுத்துமா? ஒரே அடியில் இருவரும் விழுவார்களா? கார்ச்சோம்பும் சாலமென்ஸும் 600, 600. ஆனால் இரண்டுக்கும் பனி நான்கு மடங்கு. ஐசி விண்ட் என்ற சாதாரணக் குளிர்காற்றே இரண்டையும் ஒருசேர ஆட்டிவிடும். பதினைந்தில் பாதிக்கு மேல் நல்ல பதில் வராவிட்டால் ஆளை மாற்றுங்கள். எங்கள் வீட்டுத் தாளில் அதிக ஜோடிகளுக்கு நல்ல பதில் கிடைத்தது பேத்தியின் அணிலுக்கு. அணில் உள்ளே வந்தது, அவளும் வந்தாள். அதன்பின் எல்லா ஆட்டத்திலும் ஜெயித்தார்களா என்றால், இல்லை. ஆனால் தோற்றபோது தாளை எடுத்துவைத்து இருவரும் சேர்ந்து யோசித்தார்கள்.

"அணிலைச் சேர்த்தால் யாரும் சாம்பியன் ஆகிவிடலாமா?" என்று கேட்பீர்கள். முடியாது. அந்த ஆண்டு, அந்த எதிரிகளுக்கு முன், அந்த அணியில் அது சரியான ஆள். இன்னோர் அணியில் அது பாரம். நான் சொல்வதும் அதைத்தான். தனியாக வைத்துப் பார்த்தால் யாருக்கும் நிலையான விலை கிடையாது. "இந்தப் பாழாய்ப்போன திரையே வேண்டாம்" என்பவர்களோடும் எனக்குச் சண்டையில்லை. நேரத்துக்கு வரம்பு வைக்க வேண்டியதுதான், எங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம். ஆனால் அந்த ஒரு மணியில் பிள்ளைகள் என்ன கற்கிறார்கள் என்பதைப் பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

ஊரை விட்டு வந்து பிழைக்கும் நமக்கு இது புதிய பாடம் அல்ல. ஒருவருக்கு மொழி தெரியும், ஒருவருக்கு ஆள் தெரியும், ஒருவருக்குச் சமைக்கத் தெரியும். சேர்ந்து நின்றதால் நம் குடும்பங்கள் இங்கே காலூன்றின. அதைப் பிள்ளைகள் மறந்து, எண்ணைப் பார்த்து ஆளை ஒதுக்கக் கற்றுக்கொண்டால் குறை அவர்களுடையது அல்ல, நாம் காட்டிய வழி அது. அடுத்த முறை உங்கள் வீட்டுப் பிள்ளை "அது வீக்" என்று ஏதாவது பிராணியையோ, எந்தப் பிள்ளையையோ ஒதுக்கினால், அதட்ட வேண்டாம். "யாருக்குப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தாய்?" என்று மட்டும் கேளுங்கள்.