ஹனிமூனிலும் அலாரம் வைக்கணுமா? அந்தமானில் அவசரமில்லாத ஏழு இரவுகள்!

முதல் நாள் ரிசப்ஷன், மறுநாள் விடிவதற்குள் முகூர்த்தம், அப்புறம் மறுவீடு, மாமா வீட்டு விருந்து, அத்தை வீட்டு விருந்து, குலதெய்வம் கோயில். எல்லாம் முடித்து விமானம் ஏறும் புதுமணத் தம்பதி ஒரு வாரமாகச் சரியாகத் தூங்கியிருக்க மாட்டார்கள். அந்தமானில் இறங்கினால், அங்கேயும் ஒரு பட்டியல் காத்திருக்கும்: '4 இரவு, 5 பகல், 12 இடங்கள்!'

முதல் நாள் செல்லுலார் சிறை, மறுநாள் காலை படகு, அதற்கு மறுநாள் பாராடாங் போக விடிவதற்கு முன்பே கார். ஊர் திரும்பும்போது போன் முழுக்க போட்டோ இருக்கும். ஆனால் அவளுக்கு எதற்குப் பயம், அவனுக்கு எதில் கோபம் வரும் என்பது மட்டும் இருவருக்கும் தெரிந்திருக்காது.

பட்டியல் ஏன் பிடிக்கிறது?

காசு கொடுத்திருக்கிறோம், எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்ற எண்ணம் ஒரு காரணம். சொல்லாத காரணம் இன்னொன்று உண்டு: தயக்கம். வீட்டில் பார்த்து நிச்சயித்த திருமணத்தில், போனில் மாதக்கணக்கில் பேசியிருந்தாலும், ஒரே அறையில் இருவர் மட்டும் இருக்கும்போது என்ன பேசுவது என்று தெரியாது. அந்த மௌனத்துக்குப் பயந்துதான் நாள் முழுக்கச் சுற்றுகிறார்கள். உண்மையில், ஹனிமூனுக்குத் தேவையே அந்த வேலையில்லாத நேரம்தான்.

இரண்டு தீவு போதும்

சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். (2024-ல் இந்த ஊரின் பெயர் ஸ்ரீ விஜய புரம் என மாற்றப்பட்டது.) அங்கே ஒரு இரவு, ஹேவ்லாக் எனப்படும் ஸ்வராஜ் தீவில் மூன்று, நீல் எனப்படும் ஷஹீத் தீவில் இரண்டு, திரும்ப போர்ட் பிளேரில் ஒன்று. மொத்தம் ஏழு. லீவு குறைவு என்றால் நீல் தீவை விட்டுவிட்டு ஐந்து இரவுகளில் முடிக்கலாம். ஹேவ்லாக்கின் மூன்று இரவுகளை மட்டும் குறைக்க வேண்டாம். ஒரே இடத்தில் தங்கினால் படகு, டாக்ஸி செலவும் குறையும்.

கடைசி இரவு போர்ட் பிளேரில் இருப்பது அவசியம். கடல் கொந்தளித்தால் படகு ரத்தாகும்; விமானம் காத்திருக்காது. ஸ்கூபா டைவிங் ஆசை இருந்தால் அதையும் முதலிலேயே முடித்துவிடலாம். டைவிங்குக்குப் பிறகு 18 முதல் 24 மணி நேரம் வரை விமானம் ஏறாமல் இருப்பதே பாதுகாப்பு.

ஒரு நாளைக்கு ஒரே ஒரு வேலை

ஹேவ்லாக்கின் மேற்குக் கரையில் இருக்கிறது ராதாநகர் கடற்கரை. சூரிய அஸ்தமனம் பார்க்க ஏற்ற இடம். அந்தமானில் சென்னையைவிட ஏறக்குறைய 50 நிமிடம் முன்னதாகவே இருட்டிவிடும். டிசம்பர், ஜனவரியில் மாலை ஐந்து, ஐந்தேகாலுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும் என்பதால், மூன்று மணிக்கே போய் உட்கார்ந்துவிடலாம். அன்றைக்கு அந்த ஒரு வேலை போதும். குளிப்பதென்றால் உயிர்காப்பாளர்கள் அனுமதிக்கும் இடத்தில் மட்டும். சிப்பி, பவளம் எதையும் எடுத்து வரக் கூடாது.

நீல் தீவு இன்னும் சின்னது. வாடகை சைக்கிளிலேயே சுற்றலாம். அங்குள்ள இயற்கைப் பாறைப் பாலத்துக்கு, கடல் நீர் வற்றும் நேரத்தில்தான் நடந்து போக முடியும். அதுவரை இளநீர் குடித்தபடி காத்திருக்க வேண்டியதுதான். பேச்சு தானாக வருவது இப்படிப்பட்ட நேரத்தில்தான்.

என்ன பேசலாம்?

வீட்டுக்கு மாதம் எவ்வளவு அனுப்ப வேண்டும், எந்தக் கடன் பாக்கி, அவள் வேலையைத் தொடர்வது, குழந்தை எப்போது... ஊர் திரும்பியதும் பெரியவர்கள் ஆளுக்கொரு கருத்து சொல்லப்போகும் விஷயங்கள் இவை. அதற்கு முன் இருவரும் ஒருமுறை பேசிவிடுவது நல்லது. எல்லாவற்றுக்கும் அங்கேயே முடிவு வர வேண்டியதில்லை. நெருக்கமும் அப்படித்தான். முதல் இரவே எல்லாம் நடந்தாக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. இருவரில் ஒருவருக்குத் தூக்கம்தான் வேண்டும் என்றால், தூங்கட்டும்.

2020-ல் சென்னையிலிருந்து கடலடி கேபிள் வந்த பிறகு, அந்தமானில் இணையம் முன்பைவிட வேகம். ஆகவே வீடியோ கால் இங்கேயும் துரத்தும். 'தினமும் இரவு ஒரு போன் பண்றோம்மா' என்று இரண்டு வீட்டிலும் முன்கூட்டியே சொல்லிவிட்டால் யாருக்கும் வருத்தமிருக்காது.

எப்போது போகலாம்?

ஜனவரி முதல் ஏப்ரல் வரை கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். தை, மாசியில் கல்யாணம் செய்பவர்களுக்கு வசதி. சீசன் என்பதால் படகு டிக்கெட்டை முன்பே எடுத்துவிட வேண்டும். வைகாசி, ஆவணியில் கல்யாணம் என்றால் அங்கே மழைக்காலம். உடனே ஓட வேண்டியதில்லை. தை வரை பொறுத்துப் போனாலும் அது ஹனிமூன்தான்.

திரும்பி வந்ததும் சொந்தக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி, 'எத்தனை இடம் பார்த்தீங்க?' என்பதாகத்தான் இருக்கும். 'ரெண்டே தீவுதான் அத்தை' என்று இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தபடி சொன்னால், போன காரியம் நன்றாகவே முடிந்திருக்கிறது!