ஓட்டு ஒருவருக்கு, பரிசு வேறொருவருக்கு!
லண்டன் சிரிப்பு விருதில் நடந்த கோல்மால்

போன் பண்ணுங்கள், ஓட்டுப் போடுங்கள், உங்களுக்குப் பிடித்த சிரிப்பு நிகழ்ச்சியை நீங்களே ஜெயிக்க வையுங்கள் என்று 2005 டிசம்பரில் பிரிட்டன் டெலிவிஷனில் கூவிக் கூவி அழைத்தார்கள். ஜனங்களும் நம்பி டெலிபோனைச் சுழற்றினார்கள். சும்மா அல்ல. சாதாரணக் கட்டணத்தைவிடக் கூடுதல் கட்டணம்! கடைசியில் என்ன ஆச்சு? அதிக ஓட்டு வாங்கியது ஒரு நிகழ்ச்சி. மேடையேறிப் பரிசு வாங்கியது இன்னொரு நிகழ்ச்சி!

"பிரிட்டிஷ் காமெடி அவார்ட்ஸ்" என்பது அந்த விழாவின் பெயர். 1990-ல் ஐ.டி.வி.யில் தொடங்கியது. முதல் வருஷம் கிறிஸ் டாரன்ட் தொகுத்து வழங்கினார். அடுத்த வருஷமே ஜோனதன் ராஸ் வந்து ஒட்டிக்கொண்டார். நடுவில் ஒரு வருஷம் தவிர, கடைசிவரை அவர்தான்.

அந்த விழாவுக்கு ஒரு தனி ருசி உண்டு. அழுது வடிந்து நன்றி சொல்லும் சினிமா விருது மாதிரி அல்ல. மேஜைக்கு மேஜை மது ஓடும். நேரடி ஒளிபரப்பு வேறு. யார் வாயிலிருந்து எது வரும் என்று யாருக்கும் தெரியாது. அதைப் பார்க்கவே கூட்டம்!

1993-ல் அப்படித்தான் ஒரு ரகளை. ஜூலியன் கிளாரி என்ற சிரிப்பு நடிகர், அதே வருஷம் பதவி இழந்திருந்த நிதி மந்திரி நார்மன் லமான்டைப் பற்றி ஒரு ஜோக் அடித்தார். பச்சை என்றால் அப்படி ஒரு பச்சை. இங்கே அச்சில் ஏற்ற முடியாது. அரங்கம் வயிறு வலிக்கச் சிரித்தது. மறுநாள் பத்திரிகைகள் கிளாரியைக் கிழித்துத் தொங்கவிட்டன. ஒரு ஜோக்குக்கு அவர் தொழிலில் கொடுத்த விலை அதிகம்.

மறு வருஷம் கிழவர் ஸ்பைக் மில்லிகனுக்கு வாழ்நாள் சாதனை விருது. இளவரசர் சார்லஸ் அனுப்பிய பாராட்டுக் கடிதத்தை ராஸ் உருக்கமாகப் படித்துக்கொண்டிருந்தார். மில்லிகன் குறுக்கே புகுந்து, குழைந்து கும்பிடும் பயல் என்ற அர்த்தத்தில் ஒரு கெட்ட வார்த்தை சேர்த்து இளவரசரையே திட்டிவிட்டார்! கூட்டம் உருண்டு புரண்டது. அரண்மனை கோபித்துக்கொள்ளவில்லை. 2001-ல் அதே மில்லிகனுக்குக் கௌரவ "சர்" பட்ட மரியாதை கிடைத்தது.

பெரிய இடத்தைக் கேலி பண்ணும் தைரியம்தான் அந்த விழாவின் மூலதனம். அப்படிப்பட்ட இடத்தில்தான் சாமானியர்களின் தலையில் மிளகாய் அரைத்திருக்கிறார்கள்.

ஓட்டுப் பெட்டியில் கைவரிசை

மற்ற விருதுகளை நடுவர் குழு முடிவு செய்யும். வீட்டில் உட்கார்ந்து பார்ப்பவன் முடிவு செய்வது "மக்கள் தேர்வு" விருது. மோசடி நடந்தது அந்த விருதில்தான்.

2005-ல் அதிக ஓட்டு விழுந்தது "காதரின் டேட் ஷோ"வுக்கு. பரிசு போனது ஆன்ட், டெக் என்ற இரட்டையரின் "சாட்டர்டே நைட் டேக்அவே" நிகழ்ச்சிக்கு. எப்படிப் போச்சு? பரிசு கொடுக்கப் பாடகர் ராபி வில்லியம்ஸை அழைத்திருந்தார்கள். ஆன்ட், டெக்குக்குக் கொடுப்பதென்றால் அவர் சந்தோஷமாக வருவார் என்று பேச்சு. அப்படியே ஆகட்டும் என்று உறுதியும் கொடுத்திருக்கிறார்கள். ராபிக்கும் இரட்டையருக்கும் இந்தத் தில்லுமுல்லு தெரியாது. விஷயம் வெளியே வந்ததும் அதிர்ந்துபோன இரட்டையர், பரிசைத் திருப்பிக் கொடுப்பதாக அறிவித்தார்கள்.

இன்னொரு கூத்தும் உண்டு. விழாவின் நடுவே செய்தி ஒளிபரப்பானது. செய்திக்குப் பிறகு வந்த கடைசி அரை மணி நேரம் நேரடி ஒளிபரப்பே அல்ல, டேப்! ஆனால் நேரடி மாதிரி காட்டி, ஓட்டுப் போடுங்கள் என்று கேட்டார்கள். முடிந்துபோன தேர்தலுக்கு வாக்காளரைக் கியூவில் நிற்க வைத்த கதை. 2004-லும் இதே வேலை நடந்திருக்கிறது.

இரண்டு வருஷம் மூச்சுக் காட்டவில்லை. 2007-ல் பல நிகழ்ச்சிகளின் டெலிபோன் ஓட்டு ஊழல்கள் வரிசையாக அம்பலமானபோதுதான் இந்தக் குட்டும் உடைந்தது. ஐ.டி.வி. நிகழ்ச்சிகளில் எண்ணப்படாத அழைப்புகளுக்காக ஜனங்கள் கொடுத்த பணம் 78 லட்சம் பவுண்டு என்று தணிக்கையில் தெரிந்தது. 2008 மே மாதம் "ஆஃப்காம்" என்ற கண்காணிப்பு அமைப்பு, வேறு சில நிகழ்ச்சிகளுக்காக ஐ.டி.வி.க்கு 56 லட்சத்து 75 ஆயிரம் பவுண்டு அபராதம் போட்டது. காமெடி விருதுக் கோல்மாலுக்குச் சேனல் டெலிவிஷன் என்ற சிறிய கம்பெனி தனியாக அபராதம் கட்டியது.

சரி, பெயரை மாற்றச் சொன்ன ஆசாமி யார்? வக்கீல் கம்பெனியை வைத்துத் துருவியும் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லையாம்! தெருவில் பர்ஸ் அடித்தவனைப் பிடித்தால் பெயர், வயது, தகப்பன் பெயர் எல்லாம் எழுதிக்கொள்கிறார்கள். ஊர் முழுக்கக் கேட்டு வாங்கிய ஓட்டைத் திருப்பிப் போட்டவனுக்கு மட்டும் பெயரே இல்லை. அபராதத்தைக் கம்பெனி கட்டும். குற்றம் செய்த கைக்கு என்ன நஷ்டம்?

பட்ட அடி

2007 விழா நடந்தது, ஆனால் அன்று ஐ.டி.வி. காட்டவில்லை. 2008-ல் திரும்ப வந்தபோது ராஸ் இல்லை. பி.பி.சி. வானொலியில் ரஸ்ஸல் பிராண்டுடன் சேர்ந்து முதிய நடிகர் ஆண்ட்ரூ சாக்ஸுக்கு ஆபாச டெலிபோன் குறும்பு பண்ணி, 12 வாரம் சஸ்பெண்ட் ஆகியிருந்தார். (டெலிபோனுக்கும் இந்த விழாவுக்கும் அப்படி ஒரு ராசி!) ஆங்கஸ் டேட்டன் அந்த ஒரு முறை சமாளித்தார்.

2011 ஜனவரியில் விழா சேனல் 4-க்கு இடம் பெயர்ந்தது. 2014 டிசம்பரோடு மூட்டை கட்டியாகிவிட்டது. நிறுத்தியதற்கு ஓட்டு மோசடிதான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் 2007-க்குப் பிறகு அந்த விழாவுக்குப் பழைய மவுசு திரும்பவில்லை என்பது கண்கூடு.

2022 மார்ச்சில் அதே சேனல் 4, புற்றுநோய் நிதிக்காக "நேஷனல் காமெடி அவார்ட்ஸ்" என்று புதிய விழா நடத்தியது. டாம் ஆலன் தொகுத்தார். அதிலும் ஜனங்களிடம்தான் ஓட்டுக் கேட்டார்கள். கேட்கட்டும். யாருக்கு எத்தனை ஓட்டு என்ற கணக்கையும் பரிசோடு சேர்த்து மேடையிலேயே படிக்கட்டும். அதற்கு அரை நிமிஷம் போதும்.