கை விழுந்தால் தறியும் விழ வேண்டுமா?



கோட்டையூரில் நான் குடியிருக்கும் தெருவில் ஒரு பெரியவர் உளர். முப்பதாண்டுக் காலம் கண்டாங்கிச் சேலை நெய்தவர். பாரிசவாயுவினால் வலக்கையும் வலக்காலும் விழுந்தன. மருத்துவர்கள் உயிரைக் காத்தனர். அதன் பின்னர் அவருக்குக் கிடைத்தது திண்ணை. மனைவி சோறு ஊட்டினார். மகன் சட்டை மாட்டினான். அன்பினால் செய்ததுதான். ஆயினும் அந்த அன்பே கையை மேலும் முடக்கியது என்பது என் துணிபு.

ஆக்குபேஷனல் தெரபி எனப்படும் தொழில்வழிச் சிகிச்சைக்கு இவ்விடத்தில்தான் வேலை. தொழில் என்றால் பிழைப்பு மட்டுமன்று. உண்பதும் குளிப்பதும் உடுப்பதும் இங்குத் தொழிலே. இயன்முறை மருத்துவர் தசைக்கு வலுவூட்டுவார். இவரோ அக்கையால் எது இயலும் என்று பார்த்து, ஒரு செயலைச் சிறு சிறு படிகளாகப் பிரித்துப் பழக்குவார். கையை மாற்ற இயலாவிடின் கருவியை மாற்றுவார். கரண்டிப் பிடியில் துணி சுற்றித் தடிமனாக்குவதும், குனிய இயலாத உழவருக்குக் களைக்கொத்தியின் காம்பை நீட்டுவதும் அவ்வகையே. முதல் உலகப் போர்க் காலத்தில் மேனாட்டு மருத்துவமனைகளில் காயமுற்ற சிப்பாய்களுக்குத் தறியும் மருந்தாயிற்று. மிதிப்பது காலுக்கு, நாடா எறிவது தோளுக்கு. நெசவாளர்களான நமக்கே இது புதுச் செய்தி!

நம் நாட்டில் இக்கல்வியை 1950இல் பம்பாயில் தொடங்கியவர் கமலா நிம்ப்கர் அம்மையார். நம் மாநிலத்தில் எடுத்துக்காட்டு வேலூர். தொழுநோயால் மடங்கிய விரல்களை அங்கே டாக்டர் பால் பிராண்ட் அறுவை செய்து நிமிர்த்தினார். நிமிர்ந்த கையோடு சென்றவர் திரும்பிவந்து குறைப்பட்டாராம்: வேலை கொடுப்பாரில்லை, மடங்கிய கைக்கு விழுந்த பிச்சையும் இப்போது விழவில்லை என்று. கை திருந்தினால் மட்டும் போதாது என்பதை டாக்டர் உணர்ந்தார். 1950களின் தொடக்கத்தில் புதுவாழ்வு நிலையம் எழுந்தது. நோயாளிகள் தச்சு கற்று மரப்பொம்மை செய்தனர். விபத்தில் இடுப்பின் கீழ் உணர்விழந்து, சக்கர நாற்காலியில் அமர்ந்தே அறுவை செய்த டாக்டர் மேரி வர்கீஸின் முயற்சியால் 1966இல் அங்கே மறுவாழ்வு மருத்துவமனையும் திறக்கப்பட்டது.

நம் சங்கங்களின் நிலை என்ன? ஒரு சங்கத்தின் ஏட்டைப் பார்வையிட்டபோது, சேலை கொடாத அங்கத்தினர் ஒருவர் பெயரில் சிவப்புக் கோடு கண்டேன். கை விழுந்துவிட்டது என்றார் எழுத்தர். தார் சுற்றும் வேலையேனும் கொடுத்தீர்களா என்றேன், விடையில்லை. விதிப்படி அக்கோடு பிழையன்று. நானும் கையொப்பமிட்டேன். அது இன்றும் உறுத்துகிறது.

அத்தகையவரை வேலூருக்கோ சென்னைக்கோ அழைத்துச் செல்லும் வழிச்செலவைப் பொதுநல நிதியிலிருந்து கொடுக்கப் பொதுக்குழுவில் தீர்மானம் கொண்டுவாருங்கள். தறியை அவர் கைக்கேற்பத் திருத்தும் தச்சுக் கூலியையும் சேருங்கள். விழாச் செலவில் ஒரு பகுதியே இதற்குப் போதும். கணக்குப் பார்ப்பவன் சொல்கிறேன். 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வருகிறார். அவரிடம் காலை மட்டும் காட்டாமல் தறியையும் காட்டுங்கள்.

எங்கள் தெருப் பெரியவரின் வீட்டில் அவ்வாறே காட்டினோம். இப்போது காலையில் அரைமணி நேரம் இராட்டையருகே அமர்கிறார். இடக்கை சுற்றுகிறது, வலக்கை நூலைத் தாங்க முயல்கிறது. அறுந்தால் சினம் கொள்கிறார். முடிச்சுப் போட மகன் வந்தால் விடுவதில்லை.