குஞ்சு விட்டால் போதுமா?

அழிந்துவரும் ஓர் உயிரினத்தைத் தொட்டியிலே வளர்த்து, பெருகியதும் கொண்டுபோய் ஆற்றிலே விட்டுவிட்டால் காரியம் முடிந்தது என்று நம் மாணவ நண்பர்கள் பலர் எண்ணுகிறார்கள். விஞ்ஞானத்தின் மீது அவர்களுக்குள்ள பக்தியை நான் குறைகூறவில்லை. ஆயினும் ஸ்டர்ஜன் என்னும் மீனின் கதையை அறிந்தவர்கள் அவ்வளவு எளிதில் மகிழ்ந்துவிட மாட்டார்கள்.

நம் நாட்டு ஆறுகளில் இம்மீன் கிடையாது. முதுகிலும் விலாவிலும் எலும்புத் தகடுகளை வரிசையாகச் சுமந்து, நீண்ட மூக்குடன் நீரின் அடியைத் துழாவித் திரியும் பழங்குலத்து மீன் அது. அக்குலம் தோன்றி ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகள் ஆகின்றன. செல்வர் வீட்டு விருந்தில் காவியார் என்று பரிமாறப்படுவது அதன் சினைதான். சினைக்காக அதைக் கொன்றார்கள். தப்பியவற்றின் வழியை அணைகள் அடைத்தன. எஞ்சியுள்ள 26 இனங்களும் அழியும் நிலையில் உள்ளன என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2022-இல் அறிவித்தது.

சீனத்து யாங்சி ஆற்றைப் பாருங்கள். சீன ஸ்டர்ஜன் கடலிலே வளர்ந்து, முட்டையிட ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் ஆற்றில் எதிர்நீச்சல் போட்டுச் செல்லும். பெண் மீன் பருவமடையவே 14 ஆண்டுகளாவது வேண்டும். 1981-இல் கெசோபா அணை அந்த வழியை மறித்தது. மீன்களுக்கு வழிவிடுவதற்குப் பதிலாகக் குஞ்சு பொரிக்கும் நிலையம் வைத்தார்கள். ஊசி மூலம் மீனைச் சினையிடச் செய்யும் வித்தை நமக்கும் புதிதல்ல. 1957-இல் ஹிராலால் சௌதுரி பிட்யூட்டரிச் சாற்றைச் செலுத்திக் கெண்டை இனங்களை முட்டையிடச் செய்தார். சீனர்கள் ஆண்டுதோறும் குஞ்சுகளை ஆற்றில் விட்டார்கள். மொத்தத் தொகை பல இலட்சம்.

பலன் என்ன? அணைக்குக் கீழே ஒரு சிறு இடத்தில் சில மீன்கள் முட்டையிட்டு வந்தன. 2003-இல் மேலே முப்பள்ளத்தாக்கு அணையில் நீர் தேங்கத் தொடங்கியதும் இலையுதிர் காலத்து ஆற்று நீர் உரிய வேளையில் குளிரவில்லை. மீனுக்குப் பஞ்சாங்கம் தண்ணீரின் குளிர்ச்சிதானே! 2013-இல் முட்டையிட்டதற்கான அடையாளமே காணப்படவில்லை. 2017-க்குப் பின் ஆண்டுக்கணக்கில் அதே வெறுமை.

விட்ட அன்று எண்ணும் கணக்கு பத்திரிகையில் படத்தோடு வருகிறது. 14 ஆண்டுகள் கழித்துத் திரும்பியது எத்தனை என்ற கணக்குக்குப் படம் எடுக்க எவரும் வருவதில்லை. அணை கட்டுகிறவனின் மனச்சாட்சிக்குத் தாலாட்டாகவே பல பொரிப்பகங்கள் பயன்படுகின்றன என்பது என் துணிபு.

அப்படியானால் பொரிப்பகங்களை மூடிவிடலாமா என்று கேட்பீர்கள். கூடவே கூடாது. அதே ஆற்றில் வாழ்ந்த துடுப்புமூக்கு மீனைத் தொட்டியில் வளர்க்க உரிய காலத்தில் இயலவில்லை. 2003-க்குப் பின் அதை எவரும் உயிருடன் கண்டதில்லை. 2022-இல் அழிந்துபோனதாக அறிவித்தார்கள். அதன் பங்காளியான யாங்சி ஸ்டர்ஜனோ இயற்கையில் அற்றுப்போயிற்று. ஆனால் தொட்டிகளில் இருந்தது; இருந்ததால்தான் மேலும் ஒன்று செய்ய முடிந்தது.

அந்த ஒன்றைத்தான் நான் வற்புறுத்த விரும்புகிறேன். யாங்சியின் கிளையான சிசுயி ஆற்றில் 2020-க்குப் பின் ஏறத்தாழ 300 சிற்றணைகளை இடித்தார்கள். 2021 முதல் யாங்சியில் பத்தாண்டு மீன்பிடித் தடையும் வந்தது. 2025 வசந்தத்தில் சிசுயியில் விடப்பட்ட யாங்சி ஸ்டர்ஜன்கள் ஆற்றிலேயே முட்டையிட்டன, குஞ்சுகளும் பொரிந்தன. விட்டவை இருபது மீன்களே! பல இலட்சம் செய்யாததை இருபது செய்தது எப்படி? இனம் வேறு என்பது உண்மை. அணைகளைத் தாண்டிக் கடலுக்குப் போய்வர வேண்டிய தேவை இதற்கு இல்லை. எனினும் ஓடுகிற ஆறு இதற்குக் கிடைத்தது, அதற்குக் கிடைக்கவில்லை. அந்தக் குஞ்சுகள் வளர்ந்து தாமாகப் பெருகுமா என்பதைக் காலம்தான் காட்ட வேண்டும்.

சீனாவைப் பற்றிப் பேசிக் கைகழுவி விடவும் முடியாது. கங்கையில் ஃபராக்கா தடுப்பணை 1975-இல் இயங்கத் தொடங்குமுன், நம்மவர் உல்லம் என்னும் ஹில்சா இன்றைய பிரயாக்ராஜைத் தாண்டியும் ஏறிற்று. இப்போது அணைக்கு மேலே அம்மீனைக் கொண்டுபோய் விடுகிறார்கள். நல்ல காரியம். விலங்கியல் பயிலும் நம் நண்பர்கள் அங்கே ஆய்வுக்குப் போனால், விட்ட தொகையைக் குறித்துக்கொண்டு திரும்பிவிடாமல், அந்த மதகுகளைத் தாமாகவே கடந்து ஏறிய மீன்கள் எத்தனை என்று கேட்டுவந்து இந்த ஏட்டிலேயே எழுதட்டும்.