முழங்கையை எடு... இல்லேன்னா மூலைக்குப் போ!



ஒரு ரெஸ்டாரன்ட்டுக்குப் போறீங்க. பசி உயிர் போகுது. உட்கார்ந்ததும் ரெண்டு முழங்கையையும் டேபிள்ல ஊன்றி, கன்னத்துல கை வெச்சு ஹாயா சாயறீங்க. வெயிட்டரம்மா வர்றாங்க. 'என்ன சாப்பிடறீங்க?'னு கேட்பாங்கன்னுதானே நினைப்பீங்க? அதான் இல்லை. 'மொதல்ல முழங்கையை எடு! இதான் நான் உனக்குச் சொல்லிக்கொடுத்த லட்சணமா? கை கழுவினியா இல்லியா, நிஜத்தைச் சொல்லு!'

பயந்துடாதீங்க. நீங்க தப்பான இடத்துக்கு வந்துடலை. காசு கொடுத்து, முன்கூட்டியே ரிசர்வ் பண்ணி, க்யூல நின்னு இந்தத் திட்டை வாங்க வந்திருக்கீங்க!

இடம் அமெரிக்கா, ஃப்ளோரிடா. வால்ட் டிஸ்னி வேர்ல்டில் இருக்கும் ஹாலிவுட் ஸ்டூடியோஸ் பார்க். அதற்குள்ளே '50'ஸ் ப்ரைம் டைம் கஃபே'. 1989-ல் பார்க் திறந்தபோதே இதுவும் திறந்தாச்சு. அப்போ பார்க்கின் பெயர் டிஸ்னி-எம்.ஜி.எம் ஸ்டூடியோஸ், 2008-லதான் இப்போதைய பெயர். உள்ளே போனால் 1950-களின் அமெரிக்க வீட்டு சமையலறை. ஃபார்மிகா டேபிள், அந்தக் காலத்து விளக்கு, டேபிளுக்குப் பக்கத்துலயே கறுப்பு வெள்ளை டி.வி. அதில் அந்தக் காலத்து காமெடி சீரியல்களில் இருந்து வெட்டி எடுத்த துண்டுக் காட்சிகள் ஓடிக்கிட்டே இருக்கும். சாப்பாடும் வீட்டுச் சாப்பாடுதான். ஃப்ரைடு சிக்கன், மீட்லோஃப், பாட் ரோஸ்ட்... மூணும் வேணும்னு அடம்பிடிக்கிறவங்களுக்கு மூணையும் ஒரே தட்டில் வைத்துத் தருவார்கள். வேர்க்கடலை வெண்ணெயையும் ஜெல்லியையும் போட்டு அடிச்ச மில்க் ஷேக்தான் அங்கே சூப்பர் ஸ்டார்.

ஆனா யாரும் சிக்கனுக்காக மட்டும் அங்கே போறதில்லை. பரிமாறுகிறவர்கள்தான் ஷோ. அவங்க வெயிட்டர் இல்லை, உங்க அம்மா. அல்லது அத்தை, மாமா, கஸின். உங்க முன்னாடி ஸ்பூன், ஃபோர்க்கை மொத்தமாக் கொட்டி, 'எழுந்து டேபிளை அடுக்கு, இது என்ன ஹோட்டலா?'னு கேட்பாங்க. மொபைலை எடுத்தால் தொலைஞ்சீங்க. (1950-கள்ல ஏது மொபைல்னு லாஜிக் பேசினா அதுக்குத் தனியா திட்டு விழும்.) பீன்ஸை ஓரமா ஒதுக்கினா, ஸ்பூனை ஏரோப்ளேன் மாதிரி வட்டமடிச்சு உங்க வாய்க்குள்ளேயே லேண்டிங் பண்ணுவாங்க. நாற்பது வயசு ஆபீஸர், தொப்பையும் தொப்பியுமா வாயைத் திறந்துட்டு உட்கார்ந்திருப்பார். ரொம்ப அலம்பல் பண்ணினா தண்டனை உண்டு. எல்லாரும் பார்க்க மூலையில் போய் நிற்கணும், இல்லை குழந்தைப் பாட்டுப் பாடணும். ஒரு காலத்தில் டெசர்ட் மெனுவையே வியூ மாஸ்டரில் போட்டுக் கையில் கொடுத்தாங்களாம்... கண்ணுல வெச்சு க்ளிக் க்ளிக்னு தள்ளி ஐஸ்க்ரீம் பார்க்கலாம். இந்த ஐடியாவுக்கு எழுந்து நின்னு ஒரு சல்யூட்!

சரி, வீட்டுல அம்மா இதையே சொன்னா 'சும்மா இரும்மா'ன்னு எரிஞ்சு விழறோம். இங்கே மட்டும் ஏன் காசு கொடுத்துச் சிரிக்கிறோம்?

நாடகக்காரர் கீத் ஜான்ஸ்டோன் 1979-ல் 'இம்ப்ரோ'ன்னு ஒரு புத்தகம் எழுதினார். அதில் ஒரு அத்தியாயமே 'ஸ்டேட்டஸ்' பற்றித்தான். ரெண்டு பேர் பேசினாலே, யார் மேலே, யார் கீழேன்னு ஒரு சீ-ஸா விளையாட்டு ஓடிக்கிட்டே இருக்கும் என்பது அவர் பாயின்ட். வெயிட்டர் வேலைல அந்த சீ-ஸா எப்பவும் ஒரே பக்கம்தான் சாஞ்சிருக்கும். நீங்க மேலே, அவர் கீழே. இந்த கஃபேயில் ஒரே ஒரு வார்த்தையில், 'நான் உங்கம்மா'ங்கிற வார்த்தையில், அதைத் திருப்பிப் போட்டுடறாங்க. ஆர்டர் கொடுக்க வந்தவன் ஆர்டர் வாங்குறான். அந்தத் தலைகீழ்தான் காமெடி.

இதுல நிஜமான திறமை திட்டுறதுல இல்லை பாஸ். யாரைத் திட்டலாம், யாரைத் திட்டக்கூடாதுன்னு மூணே செகண்ட்ல கண்டுபிடிக்கிறதுலதான் இருக்கு. எங்க கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பர்ல ஒரு சமாசாரம் வரும். ஒரு சிஸ்டம் எப்படிப்பட்டதுன்னு தெரியணுமா? சின்னதா ஒரு ஸ்டெப் இன்புட் கொடு, அது எப்படிக் குதிக்குதுன்னு பாரு. அந்த முழங்கைத் திட்டுதான் ஸ்டெப் இன்புட்! டேபிளே வெடிச்சுச் சிரிச்சா கெயினை ஏத்தலாம். ஒருத்தர் மட்டும் முகம் சிவந்து கீழே பார்த்தா, அடுத்த நொடியே குரலை இறக்கி, 'நீதான்டா என் செல்லப் பிள்ளை, உங்க அண்ணன்தான் மோசம்'னு பக்கத்து ஆள் மேல திருப்பணும். பாடப் புத்தகத்துல இதுக்குப் பேர் நெகட்டிவ் ஃபீட்பேக். நான் அதுல அரியர் வைக்காமத் தப்பிச்சதே பெரிய விஷயம். இவங்க கையில மூணு தட்டோட, ஒவ்வொரு டேபிளுக்கும் தனித்தனியா அந்த லூப்பை ஓட்டறாங்க.

லூப் அறுந்தா என்ன ஆகும்? 2021-ல் சிட்னியில் 'கேரன்ஸ் டைனர்'னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. கான்செப்ட்டே வாடிக்கையாளரை மரியாதையில்லாமல் நடத்துறதுதான். நீங்களும் பதிலுக்குப் பொரியலாம். வீடியோக்கள் பிச்சுக்கிட்டுப் பரவின. ஆனா அடுத்த வருஷமே எல்லை மீறின கமென்ட்டுகளுக்காகக் கடுமையான கண்டனமும் வந்தது. அம்மா வேஷத்துக்கு ஒரு சௌகரியம் உண்டு. திட்டுக்குப் பின்னாடி பாசம் இருக்குன்னு வேஷமே சொல்லிடும். கேரனுக்கு அந்த மெத்தை கிடையாது. விழுந்தா நேரா தரைதான்.

டிஸ்னிக்குள்ளேயே இதுக்கு ஒரு தங்கச்சி கடையும் உண்டு. வில்டர்னெஸ் லாட்ஜ் ஹோட்டலில் 'விஸ்பரிங் கேன்யன் கஃபே'. அங்கே கெட்சப் கேட்டுட்டா போச்சு... அக்கம்பக்கத்து டேபிள் பாட்டில்கள் எல்லாம் உங்க தலையில வந்து இறங்கும். சரி, அதை விடுங்க.

நம்ம அம்மாகிட்டே வருவோம். யார் அந்த அம்மா? 1954 முதல் 1960 வரை அமெரிக்க டி.வி-யில் ஓடின 'ஃபாதர் நோஸ் பெஸ்ட்', 1957-ல் ஆரம்பிச்ச 'லீவ் இட் டு பீவர்' மாதிரி சீரியல்களில் வந்த அம்மா. எப்பவும் சமையலறை, எப்பவும் கலையாத தலை, எப்பவும் ரெடியா ஒரு கேக். 1950-ல் அமெரிக்க வீடுகளில் நூற்றுக்கு ஒன்பதில்தான் டி.வி இருந்தது, 1960-ல் கிட்டத்தட்ட தொண்ணூறு! ஆக, நாடே ஒரே அம்மாவைப் பார்த்து வளர்ந்தது. அந்த அம்மாவே நடிகை. அவங்களைப் பார்த்து நடிக்கிறாங்க இந்த வெயிட்டரம்மா. இல்லாத ஒரு வீட்டை எல்லாருமாச் சேர்ந்து ஞாபகப்படுத்திக்கிறாங்க. இன்னொரு கூத்து, அதே 1950-கள்லதான் ஸ்வான்சன் கம்பெனி அலுமினியத் தட்டில் உறைய வெச்ச 'டி.வி. டின்னர்' வித்துக் கொடி கட்டினது. வீட்டுச் சமையலின் பொற்காலம்னு கஃபே கொண்டாடுற அதே வருஷங்கள்!

இந்த இடத்துல கொஞ்சம் சீரியஸா ஒண்ணு சொல்லவா? சிரிச்சு முடிச்சதும் எனக்கு இதான் மண்டைல ஓடிச்சு.

டிஸ்னியில் யாரையும் வேலைக்காரர்னு சொல்ல மாட்டாங்க. தெரு பெருக்குறவரில் இருந்து எல்லாருமே 'காஸ்ட் மெம்பர்', அதாவது நடிகர் குழுவில் ஒருத்தர். யூனிஃபார்ம் 'காஸ்ட்யூம்'. வாடிக்கையாளர் கண்ணில் படும் இடமெல்லாம் 'ஆன்ஸ்டேஜ்', படாத இடம் 'பேக்ஸ்டேஜ்'. கேட்க ஜோராத்தான் இருக்கு. ஆனா மேடையில் நிற்கிறவருக்கு முகம் தன் சொத்து இல்லை. ஆர்லி ஹாக்ஷீல்ட் என்கிற சமூகவியல் அறிஞர் 1983-ல் 'தி மேனேஜ்டு ஹார்ட்'னு ஒரு புத்தகம் எழுதினார். டெல்டா ஏர்லைன்ஸின் விமானப் பணிப்பெண்களை ஆராய்ஞ்சு எழுதினது. விமானத்தை உங்க வீட்டு ஹாலா நினைச்சுக்கோங்க, பயணியை வீட்டுக்கு வந்த விருந்தாளியா நினைச்சுக்கோங்கன்னு அவங்களுக்குப் பயிற்சியிலேயே சொல்வாங்களாம். கோபம் வந்தா அதை அடக்கி, சிரிப்பை வரவழைக்கிறதும் உழைப்புத்தான். மூட்டை தூக்குறது மாதிரி அதுவும் சம்பளத்துக்கு விற்கப்படுது. இதை அவர் 'எமோஷனல் லேபர்'னு சொன்னார்.

இந்தக் கணக்கில் பார்த்தா, நம்ம கஃபே அம்மா கொஞ்சம் அதிர்ஷ்டசாலின்னு முதல்ல தோணிச்சு. விமானத்துல இருக்கிறவங்க கோபத்தை முழுங்கணும். இவங்களுக்குக் கத்தவே லைசென்ஸ் இருக்கே! போன் பேசிக்கிட்டே கையை ஆட்டி ஆர்டர் கொடுக்கிற ஆளைப் பார்த்து 'அதைக் கீழே வை'ன்னு உலகத்துல எந்த வெயிட்டர் சொல்ல முடியும்? இவங்க சொல்லலாம். நிஜத்தைச் சொல்லிட்டு ஜோக்குன்னு தப்பிச்சுக்கலாம்.

ஆனா கொஞ்சம் யோசிச்சா, லைசென்ஸ் பொய்க் கோபத்துக்கு மட்டும்தான். நிஜமாவே ஒருத்தர் மோசமா நடந்துக்கிட்டா? 'நீ மட்டும் கலாய்க்கலாம், நான் கலாய்க்கக் கூடாதா?'ன்னு ஒரு ஆள் அசிங்கமா ஒரு கமென்ட் அடிச்சா? அப்போ அவங்க எவ்வளவு நிஜமாக் கோபப்பட்டாலும் டேபிள் சிரிக்கும். 'ஆஹா, அம்மா பின்றாங்கப்பா!'ன்னு கை தட்டும். ஏற்கெனவே கத்திக்கிட்டே இருக்கிறவங்க நிஜமாக் கத்தறாங்கன்னு யாருக்குத் தெரியும்? மத்த வெயிட்டர்கிட்டே இருக்கிற ஒரு ஆயுதம், அந்தத் திடீர் மௌனம், இவங்ககிட்டே இல்லை.

கடைசியா பில் வரும். சீ-ஸா டமால்னு பழைய இடத்துக்கு இறங்குற நிமிஷம் அது. அமெரிக்காவில் டிப்ஸ் என்பது நம்ம ஊர் மாதிரி சில்லறையை விட்டுட்டு வர்ற சமாசாரம் இல்லை, சம்பளத்தின் ஒரு பகுதி. டிப்ஸ் வாங்குற ஊழியருக்கு முதலாளி மணிக்கு 2.13 டாலர் கையிலிருந்து கொடுத்தால் போதும் என்பது மத்திய சட்டம். டிப்ஸையும் சேர்த்து 7.25 டாலராவது தேறணும், அவ்வளவுதான். அந்த 2.13 ஏறி முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. கடைசியா மாறினது 1991-ல! ஃப்ளோரிடா கொஞ்சம் தேவலாம். மாநிலத்தின் குறைந்தபட்சக் கூலியில் 3.02 டாலரைக் கழிச்சுட்டுக் கொடுக்கலாம், மீதி டிப்ஸ்ல வரும்னு கணக்கு. அதே டிஸ்னியின் இன்னொரு பார்க் இருக்கிற கலிஃபோர்னியாவில் இந்தக் கழிப்பே கூடாது. முழுக் கூலி, டிப்ஸ் தனி. ஒரே கம்பெனி, ரெண்டு கடற்கரை, ரெண்டு சட்டம்.

ஆக, ஒரு மணி நேரம் உங்களை மூலையில் நிற்க வெச்ச அம்மா, அந்த பில் ஃபோல்டரை டேபிள்ல வெச்சுட்டு நகரும்போது உங்க கையை எதிர்பார்த்து நிற்கிறாங்க. பீன்ஸ் ஊட்டினது உங்களுக்குப் பிடிச்சுதா இல்லையாங்கிறது அவங்க வீட்டு வாடகைக் கணக்குல போய் உட்காருது. இதுக்காக அந்தப் பாசம் மொத்தமும் போலின்னு நான் சொல்ல மாட்டேன். வருஷக் கணக்கா ஒரே வேஷத்தைச் செய்யறவங்களுக்கு அதுல நிஜமாவே ஒரு ருசி இருக்கும். இல்லேன்னா நாளைக்கு இருபது டேபிள், ஒவ்வொரு டேபிளிலும் அதே முழங்கை ஜோக்கைப் புதுசா சொல்ல முடியுமா? நமக்கு வைவாவில் ஒரே பதிலை ரெண்டு தடவை சொல்லவே நாக்கு தள்ளுது.

2020 மார்ச்சில் கொரோனா வந்து பார்க் மூடினது. ஜூலையில் திறந்தாலும் கூட்டம் இல்லை. செப்டம்பர் கடைசியில் டிஸ்னி ஒரு அறிவிப்பு விட்டது. அமெரிக்கா முழுக்க 28,000 ஊழியர்களை வேலையை விட்டு அனுப்பப் போறோம்னு. அதில் மூணில் ரெண்டு பங்கு பகுதி நேர ஊழியர்கள். 'காஸ்ட் மெம்பர்'ங்கிற கம்பீரமான வார்த்தை அந்த அறிவிப்பிலும் இருந்தது. அம்மா, அத்தை, மாமான்னு தினமும் ஒரு குடும்பத்தையே நடிச்சுக்காட்டுற தொழிலில் அன்னிக்கு எத்தனை 'குடும்பம்' கலைஞ்சிருக்கும்!

கஃபே இப்போ பழையபடி ஓடுது. முழங்கைத் திட்டும் ஏரோப்ளேன் பீன்ஸும் திரும்பி வந்தாச்சு. தட்டைக் காலி பண்ணாதவங்களுக்கு இன்னமும் டெசர்ட் தர மாட்டேன்னு மிரட்டல்தான்.

எனக்கு ஒரே ஒரு ஆசை. அந்த ஷிஃப்ட் முடிஞ்சு, அந்த அம்மா பேக்ஸ்டேஜ் கதவைத் தள்ளிட்டு உள்ளே போய், ஏப்ரனைக் கழற்றி வெச்சு, தன் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிச்சு உட்காருவாங்க இல்லையா... அப்போ அவங்க ரெண்டு முழங்கையும் எங்கே இருக்கும்னு பார்க்கணும். டேபிள் மேலதான் இருக்கும்னு பெட் கட்டறேன். கையில மொபைலும் இருக்கும்.