சத்தம் சொத்து, அடித்தவர் செலவா?

தவில் சத்தத்தைக் கீபோர்டுக்குள் கொண்டுவருவது ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. "அதுக்கெல்லாம் பெரிய ஸ்டுடியோ வேணும்டா" என்று சொல்கிறவர்கள்தான் அடுத்த நிமிஷமே கிராக் பண்ணின 'இந்தியன் பேக்' ஒன்றை இறக்கிக்கொள்கிறார்கள்.

விஷயம் இவ்வளவுதான். கட்டையை அழுத்தினால் அதற்குரிய ஒலிக்கோப்பை வாசிப்பதுதான் சாம்ப்ளர். எந்தக் கட்டைக்கு எந்தக் கோப்பு என்று எழுதிவைக்க எஸ்எஃப்இசட் என்றொரு வடிவம் உண்டு. நோட்பேடிலேயே திறந்து படிக்கலாம். வலந்தலையில் கூடு மாட்டிய விரலால் ஒரு அடி, தொப்பியில் கழியால் ஒரு அடி. ஒவ்வொன்றையும் மெதுவாக, நடுத்தரமாக, ஓங்கி என மூன்று விதமாகப் பதிவு செய்யுங்கள். கோப்பின் பெயரிலேயே கட்டை எண்ணையும் அழுத்தத்தையும் போட்டுவிட்டால், இருபது வரி பைத்தான் ஸ்கிரிப்ட் அந்தப் பெயர்களைப் படித்து மீதியை எழுதிக் கொடுத்துவிடும். மிடியில் அழுத்தம் 1 முதல் 127 வரை. அதை மூன்றாகப் பிரித்தால் போதும்.

நாதஸ்வரத்துக்கு இது அவ்வளவாகச் சரிவராது. ஒரு ஸ்வரத்தை அடுத்த கட்டைக்கு ஏற்றச் சொன்னால், சாம்ப்ளர் அதே பதிவை சுமார் 6 சதவீதம் வேகமாக ஓட்டும், அவ்வளவே. கமகமோ கட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் இருக்கிறது. தவில் அடியைத் தனித்தனியாக எடுக்கலாம். எடுக்க முடிவதால்தான் சிக்கலே.

ஐந்து நொடி மோனோ பதிவு சுமார் 441 கேபி. நூறு அடி சேர்த்தாலும் 50 எம்பியைத் தாண்டாது. வில்லியனூர்த் தேருக்கும் பாகூர்க் கல்யாணத்துக்கும் வாசிக்கிற ஒருவர் வருஷக்கணக்காகப் பழக்கிய கை அந்த 50 எம்பிக்குள் வந்துவிடுகிறது. அவருக்கு என்ன தருகிறோம்? டீயும் 500 ரூபாயும்!

பி.காம் முதல் வருஷப் பாடம் இது. ஒருமுறை செலவழித்து, பல வருஷம் பயன் தந்தால் அது மூலதனச் செலவு. நாமோ கோப்பைச் சொத்தாக வைத்துக்கொண்டு, கலைஞரை மட்டும் அன்றாடச் செலவில் எழுதி மூடிவிடுகிறோம். இப்படிக் கணக்கு எழுதினால் எந்த வாத்தியார் மார்க் போடுவார்?

"நாங்க ஃப்ரீயாத்தானே கொடுக்கிறோம்" என்பார்கள். நீங்கள் ஃப்ரீயாகக் கொடுத்தது நாளைக்கே ஒரு நகைக்கடை விளம்பரத்தில் ஒலிக்கலாம். ஸ்விட்ச் போட்டால் மேளம் அடிக்கும் மெஷின் ஏற்கெனவே பல கோயில்களில் நிற்கிறது. 2012-இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, வணிகப் பயன்பாட்டில் நிகழ்த்துகலைஞருக்கு ராயல்டி உண்டு என்று சேர்த்தார்கள். தனித்தனி அடி 'நிகழ்ச்சி' ஆகுமா என்று வக்கீல்கள் வாதாடட்டும். நியாயத்துக்கு வக்கீல் எதற்கு?

எஸ்எஃப்இசட் கோப்பில் இரண்டு சாய்கோடு போட்டு எழுதும் வரியை சாம்ப்ளர் கண்டுகொள்ளாது, மனிதர்கள் படிக்கலாம். கலைஞரின் பெயர், அவர் எழுதித் தந்த சம்மதம், விற்றால் அவர் பங்கு எவ்வளவு, இந்த மூன்றும் அங்கே இருக்கட்டும். இவை இல்லையென்றால் கருவியே உருவாகக் கூடாது என்று ஸ்கிரிப்டில் ஒரு நிபந்தனை சேருங்கள். இரண்டே வரிதான். இருபது வரி எழுதத் தெரிந்தவர்களுக்கு இருபத்திரண்டு வராதா என்ன?